பதினான்கு மில்லிமீட்டர்

கேம்போர்னில் விடிந்ததிலிருந்து தூறல்.
பல் செட் செய்யும் மேசையில்
யாருடையதோ கீழ்த்தாடையை ஓரமாய்த் தள்ளிவிட்டு
எஞ்சினை வைத்தேன்.
நான்கே சக்கரம். கறுப்பு. பழசாய் வாங்கியது.
விற்றவர் பெட்டியின் மேல் எழுதியிருந்தார்:
'பெரிய அளவு, சின்ன எஞ்சின்.'

பெரிதா சின்னதா என்று
தண்டவாளத்தைக் கேட்கக் கூடாது.
நாற்பத்தைந்து மில்லிமீட்டர் இடைவெளியில்
எந்தத் தேசத்து ரயிலும் இது என் ஊர் என்றே ஓடும்.
கொதிகலனையும் கேட்கக் கூடாது.
ஆள் பார்த்தால் வயிற்றை எக்கிக்கொள்ளும்.
கேட்க வேண்டியது கதவை.
கதவு மனிதனுக்கென்று வெட்டியது.

காலிப்பரை விரித்தேன். எண்பது.
என் கணக்கோ ஓர் அடிக்குப் பதினாறு மில்லிமீட்டர்.
எண்சாண் உடம்பு அதில் தொண்ணூற்றிரண்டு.
ஆக என் ஓட்டுநர்
ஒவ்வொரு நாளும் வேலைக்குக்
குனிந்தே நுழைந்திருக்க வேண்டும்,
குட்டக் குட்டக் குனிகிறவராக.

குனியவில்லை. அதைத்தான் இவ்வளவு நேரமும்
சொல்லாமல் சுற்றி வருகிறேன்.
இரண்டு குளிர்காலம் முன்பு
முழங்காலுக்குக் கீழே அவரை ரம்பத்தால் அறுத்து
உள்ளே ஒட்டிவிட்டேன்.
ஜன்னலில் தெரிகிற வரைக்கும்தானே ஆள்
என்றிருந்தது அப்போது.

டென்சில் டிரெம்பாத் தபால் வண்டி ஓட்டுகிறவர்.
கடிதம் இல்லாத நாளிலும் எட்டிப் பார்ப்பார்.
"எஞ்சின் பெரிசாத் தெரியணும்னா
விளக்கைச் சிறிசாக்கு, லவ்டே."
அவர் சொன்னதில் இது ஒன்றுதான் பலித்தது.
நெற்றி விளக்கைக் கழற்றிப் பாதியளவில் ஒன்று வைத்தேன்.
கைப்பிடியை மெல்லிய கம்பியாக்கினேன்.
ஒவ்வொன்றும் பாறாங்கல்லாய்க் கிடந்த நிலக்கரியைத்
துணியில் முடிந்து சுத்தியலால் நொறுக்கினேன்.
கொதிகலன் ஒரு மயிரிழையும் வளரவில்லை.
ஆனால் மேசையை விட்டு இரண்டு அடி தள்ளி நின்றபோது
அது எனக்கு மேலே நின்றது.

பிறகு கூரை.
நான்கு சுவருக்கும் பித்தளைப் பட்டை வைத்துப்
பதினான்கு மில்லிமீட்டர் தூக்கினேன்.
பல்லுக்கு வைக்கும் அதே பற்றவைப்பு.
உள்ளே பார்த்தால் ஐயோ,
அண்ணாந்து பார்க்கிற குழந்தைபோல் ஓட்டுநர்,
ஜன்னல் விளிம்பில் மூக்கு மட்டும்.

கால்களைத் தேடினேன்.
முன்கடைவாய்ப் பல், அளவு ஏழு
என்று எழுதிய இழுப்பறையில் இருந்தன இரண்டும்,
பூட்ஸ் கழற்றாமல்.
ஒட்டினேன். முழங்காலில் கோடு தெரிகிறது.
தெரியட்டும்.

ஞாயிறு மதியம் டென்சில் தோட்டத்தில்
நீராவி ஏற்றினோம்.
அளவுக்குக் கட்டுப்படாதது நீராவி ஒன்றுதான்.
அதன் சொட்டு கூரையில் விழுந்தால்
கீழே நிற்கிறவருக்கு ஒரு வாளித் தண்ணீர்.
வளைவில் நிமிர்ந்து வந்தார் என் ஆள்.
சுரங்க வாயில். புகைபோக்கி நுழைந்தது.
வளைவின் நடுவில் அதற்கு இடமிருந்தது.
கூரையின் மூலை தோளில் இடித்தது.
சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றது.

கருங்கல்லில் அந்த வாயிலைக் கட்டியவர் மோர்வென்னா.
டீக் கோப்பையோடு வந்து குந்திப் பார்த்தார்.
"வாயிலை இடிச்சா மேல மண் சரியும்.
மண் சரிஞ்சா என் ரோஸ்மேரி போகும்.
கூரையை இறக்கிடேன், அந்த ஆளுக்கு மறுபடி
காலை வெட்டினாப் போச்சு.
யாருக்குத் தெரியப்போகுது?"

எனக்குத் தெரியும் என்றேன்.
சத்தமாகச் சொன்னேனா என்று நினைவில்லை.

எரிவாயு தீர்ந்து கொதிப்பு அடங்கியது.
டென்சில் எழுந்து போனார்,
உளி எடுக்கவா, மழைக்கு ஒதுங்கவா, கேட்கவில்லை.
கூரை மேல் ஒரு நத்தை
பதினான்கு மில்லிமீட்டரையும் ஏறி முடித்து
அடுத்தது என்ன என்று கொம்பை நீட்டியது.
அதற்குக் கீழே
இருட்டுக்கு ஒரு விரல் தள்ளி
முழு உயரத்தில் நின்றுகொண்டிருந்தார் அவர்.